ஆய்வுப் படிப்பும் கடைமடைத் தண்ணீரும்

சென்ற ஆண்டு தவக்காலத்துக்குச் சற்று முன்னர் வீடு சந்திக்கச் சென்றிருந்தோம். கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் ஒரு தாய் நம்மிடம் வைத்த கேள்வி இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. "சாமி, இவளுக்க படிப்பு எப்பந்தான் முடியும்? இவளுக்கு இளையவனுக்கு வேலையும் கிடைச்சாச்சு. கேக்கிற ஆளுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

மகள் கதவோரம் தலைகுனிந்து நின்றாள். நம் கரையோரப் பாறைகளில் வளரும் கடற்பாசிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள்; பதிவு செய்து ஐந்தாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. தந்தை வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். உதவித்தொகை இல்லை. வந்த வரன்கள் இரண்டு காத்திருந்து திரும்பிப் போயின. 'போதும், நிறுத்திவிடு' என்னும் சொல் அவ்வீட்டில் எந்த நாளும் வெளிப்படலாம் என்பது நமக்குப் புரிந்தது.

அவள் சோம்பேறி அல்லள். காலை முதல் பேருந்தில் போய் மாலை இருட்டும் வேளையில் திரும்புகிறவள். அவளுடைய நெறியாளரும் பொறுப்பற்றவர் அல்லர். பலரும் மதிக்கும் ஆசிரியர். குற்றம் இவர்கள் இருவரிடமும் இல்லையென்றால் ஐந்து ஆண்டுகள் எங்கே போயின? இவ்வினாவைத்தான் இக்கட்டுரையில் நம் குடும்பங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம். ஏனெனில், இன்று நம் மாவட்டத்தில் ஆய்வுப் படிப்பில் இருக்கும் பிள்ளை இல்லாத பங்கு அரிது.

நாட்குறிப்பு சொன்ன உண்மை

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கல்லூரியில் நாம் பொறுப்பிலிருந்தபோது, தொழிற்சாலையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி அளித்தார். செயல்முறைச் சீரமைப்பு என்பது அதன் பெயர். 'இயந்திரப் பட்டறைக்கு உரியது நமக்கெதற்கு?' என்று பின்வரிசையில் அமர்ந்திருந்தவர்களுள் நாமும் ஒருவர். அப்பயிற்சியில் கேட்ட ஒரு சொல் மட்டும் மனத்தில் தங்கியிருந்தது: "வேலை செய்பவனைப் பார்க்காதீர்கள்; வேலை நடந்து செல்லும் பாதையைப் பாருங்கள்."

அது நினைவுக்கு வரவே, அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் அந்தத் தாயையும் மகளையும் பங்கு இல்லத் திண்ணைக்கு வரச்சொன்னோம். மகளின் கடந்த ஓராண்டு நாட்குறிப்பை விரித்து, நாள்களை மூன்றாகப் பிரித்தோம். வேலை முன்னேறிய நாள்களுக்குப் பச்சை. பிறருக்காகக் காத்திருந்த நாள்களுக்கு மஞ்சள். செய்ததையே மீண்டும் செய்த நாள்களுக்குச் சிவப்பு.

பச்சை ஏறக்குறைய நான்கு மாதம் வந்தது. மஞ்சள் ஐந்து மாதம்: எழுதிக்கொடுத்த இயல் நெறியாளர் மேசையில் கிடந்தது மூன்று மாதம், வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய மாதிரிகளின் முடிவு வர இரண்டு மாதம். சிவப்பு மூன்று மாதம். மகள் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பிந்திப்போனேன்னு நெனைச்சேன், சாமி. வேலையில்லா பிந்திப்போயிருக்கு" என்றாள். தாயின் முகத்திலும் ஒரு மாற்றம் தெரிந்தது. மகளின் உழைப்பில் குறையில்லை என்பதை அவர் கண்ணால் கண்ட முதல் நாள் அதுவே.

இந்தக் கலை வந்த வழி

இவ்வாறு வேலையின் பாதையை அளந்து பார்க்கும் கலை புதியதன்று. அமெரிக்காவில் தொலைபேசிக் கருவி செய்யும் ஆலைகளுக்காக உழைத்த வால்டர் ஷூஹார்ட் என்னும் அறிஞர் 1924-ஆம் ஆண்டில் ஒரு வரைபட முறையை வகுத்தார். ஒரு பிழை தற்செயலாக நேர்ந்ததா, வேலைமுறையிலேயே ஊறியிருக்கிறதா என்பதைப் பிரித்தறிய அது உதவியது. அவரிடம் கற்றவற்றை எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பானியருக்குப் போதித்தார். திட்டமிடு, செய்து பார், சரிபார், திருத்து, மீண்டும் திட்டமிடு. அப்போதனையின் சாரம் இவ்வளவே. போரில் நொறுங்கிப்போயிருந்த அந்நாடு அதைப் பற்றிக்கொண்டு எழுந்த கதை உலகறிந்தது.

நம் நாட்டுக்கும் இது அந்நியமன்று. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பின்பேரில் ஷூஹார்ட் 1947-48-இல் இங்கு வந்து சென்றார். டெமிங்கின் பெயரால் ஜப்பானியர் வழங்கும் பரிசை 1998-இல் முதன்முதலாகப் பெற்ற இந்திய நிறுவனம், சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன். அக்குழுமத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த திருக்குறுங்குடி, நம் தோவாளை மலைக்கு அப்பால் இருக்கிறது.

வண்டிக்கு நிறுத்துக்கட்டை செய்யும் ஆலைக்கும் கடற்பாசி ஆராயும் மாணவிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டிலும் வேலை கைமாறிக் கைமாறிச் செல்கிறது. கைமாறும் இடங்களில்தான் அது தேங்குகிறது.

மடை அடைத்திருந்தால்

நாஞ்சில் நாட்டு உழவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 1906-இல் பேச்சிப்பாறை அணை முடிந்த நாள்முதல் கோதையாற்றுத் தண்ணீர் சானல்கள் வழியே வயல்களுக்கு ஓடி வருகிறது. கும்பப்பூவில் கடைமடை வயல் காய்ந்தால் உழவர் என்ன செய்வார்? அணையில் இன்னும் இரண்டடி திறந்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கமாட்டார். சானல் கரையோடு நடந்து போவார். எங்கோ ஓரிடத்தில் பாசி அடைத்திருக்கும். அல்லது மண் சரிந்து கால்வாய் குறுகியிருக்கும். அந்த ஓரிடத்தைத் திருத்தாமல் தலைப்பில் எவ்வளவு திறந்தாலும் தண்ணீர் கரையை உடைத்து வீணாகுமேயன்றிக் கடைமடைக்கு எட்டாது.

இஸ்ரேல் நாட்டு இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட் 1984-இல் ஒரு புதினத்தின் வடிவில் ஆலை முதலாளிகளுக்கு எடுத்துரைத்த செய்தியும் இதுவே: தொடர் வேலையின் வேகத்தை நிர்ணயிப்பது அதன் மிகக் குறுகிய இடம், மற்ற இடங்களில் எவ்வளவு விரைந்தாலும் பயனில்லை.

ஆய்வுப் படிப்பில் அந்தக் குறுகிய இடம் பெரும்பாலும் நெறியாளரின் மேசையாகும். பல்கலைக்கழக மானியக்குழு 2022-இல் வெளியிட்ட விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் 8 பேருக்கும், இணைப்பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் முனைவர் பட்ட ஆய்வில் வழிகாட்டலாம். எட்டுப் பேரும் ஒரே பருவத்தில் ஆளுக்கொரு இயலைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று கொள்வோம். வகுப்பு, தேர்வுத்தாள், கூட்டம் ஆகியவற்றுக்கிடையே அவரால் மாதம் இரண்டு இயல்களையே ஊன்றிப் படிக்க முடியும் என்றும் கொள்வோம். எட்டாவது மாணவி நான்கு மாதம் காத்திருக்கவேண்டும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, வெறும் கணக்குத்தான்.

அப்படியானால் வழி என்ன? அறுபது பக்க இயலை மொத்தமாகக் கொண்டுபோய் வைப்பதற்குப் பதிலாகப் பத்துப் பக்கங்களை, குறித்த ஒரு கிழமையில், தவறாமல் கொடுப்பதே வழி. பத்துப் பக்கத்தை ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம்; அறுபது பக்கமோ விடுமுறைக்காகக் காத்திருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. அட்டவணை அமைப்பில் ஒரு பிழை இருந்தால் பத்தாம் பக்கத்திலேயே அகப்படும். ஐந்து இயல்களிலும் பரவிய பின்னர் அழித்தெழுத வேண்டியிராது. நம் மாணவி நெறியாளரிடம் தயங்கித் தயங்கி இதைக் கேட்டபோது, "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றாராம் அவர். இரண்டு வாரத்துக்கொரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி, பத்துப் பக்கம் என்று முடிவாயிற்று.

ஐந்து முறை 'ஏன்?'

மஞ்சளுக்கு இவ்வாறு ஒரு வழி பிறந்தது. சிவப்பு நாள்களுக்கு என்ன செய்வது? டயோட்டா கார் ஆலையில் தாய்ச்சி ஓனோ என்னும் பொறியாளர் ஒரு பழக்கத்தை வற்புறுத்தினார். பிழை நேர்ந்தால் 'யார்?' என்று கேளாமல் 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்கவேண்டும் என்பது அது. நாமும் திண்ணையில் அமர்ந்து கேட்டுப் பார்த்தோம்.

மாதிரிகளை மீண்டும் சேகரிக்க நேர்ந்தது ஏன்? எந்தப் புட்டி எந்தப் பாறையினது என்று தெரியாமற்போயிற்று. ஏன்? ஒட்டிய சீட்டுகளில் எழுத்து அழிந்துவிட்டது. ஏன்? மைப்பேனாவால் எழுதியதில் கடல்நீர் பட்டது. ஏன் பென்சிலால் எழுதவில்லை? அன்றைக்குப் பையில் பென்சில் இல்லை. ஏன் இல்லை? கரைக்குப் போகும்போது எடுத்துச்செல்ல வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் யாரிடமும் இல்லை. முன்னே படித்தவர்கள் தாம் பட்டறிந்ததை எழுதிவைத்துப் போகவில்லை.

மூன்று மாத உழைப்பு ஒரு பென்சிலுக்காகப் போயிற்று! 'கவனக்குறைவு' என்று மாணவியை ஏசியிருந்தால் அடுத்த ஆண்டு வேறொரு மாணவிக்கு அதுவே நேர்ந்திருக்கும். இப்போது அத்துறையின் மாதிரிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பதினோரு வரிப் பட்டியலொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் வரி: பென்சில் இரண்டு.

பேரறிஞர்களும் எழுதிவைக்கும் பழக்கத்தைச் சிறிதாக எண்ணியதில்லை. 1928-இல் இராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள்களின் நிகழ்ச்சிகளை இன்று நாம் நாள்வாரியாக அறிய முடிகிறதென்றால், உடன் உழைத்த வத்திராயிருப்புக் கே.எஸ். கிருஷ்ணன் எழுதிவந்த நாட்குறிப்பு அதற்கு முக்கியக் காரணமாகும்.

சிறிதாகத் தொடங்குதல், கண்முன் வைத்தல்

வந்த பிழைக்கு மருந்து இது. பிழை பெருகுமுன் தடுக்கவும் ஒரு வழியுண்டு. பேராசிரியர் மகலனோபிஸ் வங்காளத்தின் சணல் விளைச்சலைக் கணக்கிட முற்பட்டபோது, முதல் ஆண்டிலேயே மாகாணம் முழுவதையும் அளக்கப் புறப்படவில்லை. 1937-இல் சிறு பரப்பில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் பிழைகளைக் கண்டு முறையைத் திருத்தி, 1941-இல்தான் மாகாணம் முழுமைக்கும் விரித்தார். ஒரே நிலப்பரப்பில் இரு குழுக்கள் தனித்தனியே மாதிரியெடுத்து அளக்குமாறும் ஏற்பாடு செய்தார். இரண்டின் முடிவும் பெரிதும் மாறுபட்டால் எங்கோ தவறு என்பது உடனே தெரிந்துவிடும். நம் ஆய்வு மாணவரோ ஐந்நூறு பேருக்கான வினாப்படிவத்தை ஒரேயடியாக அச்சிட்டு வழங்கிவிட்டு, மூன்றாம் வினா எவருக்கும் புரியவில்லை என்பதைக் கடைசியில் அறிகிறார். முதலில் இருபது பேரிடம் கேட்டுப் பார்த்தால் ஒரு வாரமே செலவாகும், மிச்சமாவது ஓராண்டு.

ஆய்வு நிலையங்களும் இவ்வழியில் நடந்து பயன்கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜ் நகரில் மரபணுத்தொகுதிகளை ஆராயும் பிராட் நிறுவனம் இருக்கிறது. தொழிற்சாலைப் பயிற்சியை ஆய்வுக்கூடத்தில் புகுத்திய அனுபவத்தை அங்குள்ளோர் 2018-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். நடந்துகொண்டிருக்கும் ஒவ்வோர் ஆய்வையும் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். அதன்பின்னர்தான் தங்கள் ஆற்றலுக்கு மீறிய எண்ணிக்கையில் வேலைகளைத் தொடங்கிவிட்டிருப்பது அவர்கள் கண்ணுக்கே தெரிந்தது. ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று தொடங்கலாம் என்று விதித்துக்கொண்டபோது தேக்கம் குறைந்தது. பல அடுப்பில் உலையேற்றி எதிலும் சோறு வேகாத நிலை வீட்டிலும் உண்டு, ஆய்விலும் உண்டு.

மதுரை தரும் சான்று

அமெரிக்கா வரை போவானேன்? நம் பங்கு முதியோர் பலர் கண்புரைக்கு அறுவை செய்துகொண்டு வரும் திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய பணி அது. மூட்டுவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போனவர் அவர். அமெரிக்காவின் மலிவு உணவகங்கள் எங்கும் ஒரே தரத்தில், ஒரே ஒழுங்கில் பரிமாறுவதைக் கண்டு, கண்ணொளியையும் அவ்வாறு வழங்க முடியாதா என்று சிந்தித்தார். ஒரு மருத்துவர்க்கு இரு மேசைகள். ஒருவருக்கு அறுவை நடக்கையில் அடுத்தவர் ஆயத்தமாயிருப்பார். மருத்துவரின் கை காத்திருக்க நேராது.

இந்த ஒழுங்கு நோயாளிகளுக்கு நன்மையாயிற்று என்பது பலரும் அறிந்ததே. அது ஆராய்ச்சிக்கும் நன்மையாயிற்று என்பதையே இங்கு குறிப்பிட விரும்புகிறோம். கண் அறுவைக்குப் பின் உள்ளே சீழ்பிடிப்பது பார்வையையே பறிக்கவல்ல கேடு. ஆனால் மிக அரிதாக நேர்வது. அரிதாக நேர்வதைக் குறைக்க ஒரு மருந்து உதவுகிறதா என்று அறிய, சில நூறு நோயாளிகளின் கணக்கு போதாது, இலட்சக்கணக்கில் வேண்டும். 2017-இல் அரவிந்த் மருத்துவர்கள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் கணக்கை வெளியிட்டனர். அறுவையின் முடிவில் மாக்சிஃபிளாக்சசின் என்னும் மருந்தைக் கண்ணினுள் செலுத்திய பின்னர், சீழ்பிடிப்பு 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்திருந்தது. பத்தாயிரத்தில் ஏழு பேருக்கு நேர்ந்த கேடு இரண்டு பேருக்கே நேர்ந்தது என்பது இதன் பொருள். அன்றாட வேலை ஒரே முறையில் நடந்து, ஒழுங்காகப் பதிவும் ஆகிவந்தால், அந்தப் பதிவேடே ஆராய்ச்சிக் களமாகிவிடுகிறது.

எல்லையும் உண்டு

இவ்வளவும் சொன்னதால், ஆராய்ச்சியை ஆலை வேலையாக்கிவிடலாம் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டா. 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகையில், கடல் ஏன் நீலமாயிருக்கிறது என்று சர் சி.வி. இராமன் கேட்ட கேள்வி, 1928-இல்தான் பெரும் கண்டுபிடிப்பாய்க் கனிந்தது. அந்த ஏழாண்டுச் சிந்தனையை எந்தச் சுவர்ப்பலகையாலும் மூன்றாண்டாகச் சுருக்கியிருக்க முடியாது. சிந்தனைக்கு உரிய காலம் வேறு. சீட்டு அழிந்ததால் போன காலம் வேறு. இரண்டாவதை மீட்பது முதலாவதற்கு இடம் தருவதற்காகவே.

மற்றோர் ஆபத்தும் உண்டு. அளவுகோலைக் கையில் எடுத்தவர்கள் எளிதில் எண்ணக்கூடியதையே எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று எண்ணியதால், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்னும் கட்டாயத்தை மானியக்குழு 2022 விதிகளில் நீக்கியது. ஆயினும் பல்கலைக்கழகங்கள் தத்தம் விதிப்படி கேட்கலாம். சீரமைப்பு என்பது வேகம் கூட்டும் சாட்டையன்று. மாணவரை விரட்டவும் ஆசிரியரைக் குற்றம் காணவும் அதைப் பயன்படுத்தினால், மறுநாளே அனைவரும் மஞ்சள் நாளைப் பச்சை என்று எழுதத் தொடங்குவர்.

பெற்றோருக்கு ஒரு சொல்

பெற்றோரே, ஆய்வுப் படிப்பின் காலவரையறையை நீங்களும் அறிந்திருப்பது நல்லது. மேற்சொன்ன விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டுகள், மிகுந்தது ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டுகள். பெண்களுக்கும், நாற்பது விழுக்காட்டுக்கு மேல் உடற்குறை உள்ளோருக்கும் இன்னும் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வழங்கலாம். மகப்பேறு, குழந்தை பராமரிப்பு ஆகியவற்றுக்காகப் பெண்களுக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. ஆகவே திருமணம் என்றால் படிப்பு முடிந்தது என்றோ, படிப்பு என்றால் திருமணம் கூடாது என்றோ முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் தம் ஆய்வுக்குழுவின் முன் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும் என்பதும் விதியே. எது எங்கே தேங்கியிருக்கிறது என்பதை அச்சமின்றி எடுத்துச்சொல்ல ஏற்ற இடம் அதுவாகும்.

வீட்டிலும் மஞ்சள் நாள்கள் உண்டாகின்றன. ஊரில் எந்த வீட்டு விசேஷமானாலும் "நீ வீட்டில்தானே இருக்கிறாய்" என்று மகளை அழைக்கிறோம். கடைக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அவளே போகவேண்டும். எழுதுவதற்கென்று நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அந்நேரத்தில் எவரும் கூப்பிடுவதில்லை என்று குடும்பம் முடிவு செய்தால், அது அவளுக்குத் தரும் உதவித்தொகைக்கு ஒப்பாகும்.

யாவற்றிலும் மேலாக, கேள்வியை மாற்றுங்கள். 'எப்போது முடியும்?' என்னும் கேள்விக்கு எந்த ஆய்வு மாணவராலும் விடைசொல்ல இயலாது; அக்கேள்வி அவரைக் குத்தும், அவ்வளவே. 'இன்றைக்கு வேலை எங்கே நிற்கிறது? யாருக்காகக் காத்திருக்கிறது?' என்று கேளுங்கள். அதற்கு விடை உண்டு; விடை தெரிந்தால் வழியும் உண்டு.

இதை எழுதும் நாளில் நம் மாணவி இன்னும் பட்டம் பெறவில்லை. ஐந்து இயல்களில் நான்கு முடிந்து, கடைசி இயல் பத்துப் பத்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவ்வீட்டுச் சுவரில், நாட்காட்டிக்கு அருகே, பச்சை மஞ்சள் சிவப்பிட்ட தாளொன்று தொங்குகிறது. சென்ற வாரம் அவ்வழியே போனபோது தாய் வாசலுக்கு வந்து சொன்னார்: "சாமி, இந்த மாசம் மஞ்சள் நாலு நாளுதான். அதுவும் அந்த வெளியூருக்கு அனுப்பினதுக்குத்தான்."

வள்ளம் கரைக்கு வரும் நேரத்தைக் கணிப்பதுபோல் மகளின் ஆய்வையும் கணிக்க அந்தத் தாய் கற்றுக்கொண்டுவிட்டார். 'நிறுத்திவிடு' என்னும் சொல் அவ்வீட்டில் இப்போது எழுவதில்லை.